முத்திரை குத்தும் மனம்

(நமது சங்கத்தின் கிளைக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

ஒரு ஜாதியை, ஒரு மொழிக்காரரை, ஒரு ஊர்க்காரரை மொத்தமாக எடைபோடும் பழக்கம் மனிதனுக்கு எங்கிருந்து வருகிறது என்பதைப் பற்றிப் பேசும்படி செயலாளர் கேட்டுக்கொண்டார். நான் மனோதத்துவ நிபுணன் அல்ல. பாலக்காடு விக்டோரியா கல்லூரியில் பௌதிகம் படித்துவிட்டு அரசாங்க உத்தியோகத்தில் சேர்ந்தவன். சித்தூர் தாலுகாவிலும் தேவிகுளம் தாலுகாவிலும் பல வருஷங்கள் வேலை பார்த்தேன். வாளையாறு, கோவிந்தாபுரம், போடிமெட்டு, குமுளி என்று இரு மாநிலங்கள் தொட்டுக்கொள்ளும் இடங்களில் என் உத்தியோக காலத்தின் பெரும் பகுதி கழிந்தது. ஓய்வு பெற்ற பிறகு, கண்ணால் கண்டதற்கு விஞ்ஞானம் என்ன சொல்கிறது என்று படித்துப் பார்த்தேன். அதைத்தான் இங்கே பகிர்ந்துகொள்ளப் போகிறேன்.

நம் சமூகத்தைச் சினிமாவிலும் மேடையிலும் கேலி செய்வதைக் கண்டித்து ஒரு தீர்மானம் போட வேண்டும் என்று சென்ற கூட்டத்தில் பலர் கேட்டார்கள். நியாயமான கோரிக்கை. நானும் கை தூக்குவேன். ஆனால் அந்தத் தீர்மானத்தில் இரண்டாவது பத்தி ஒன்றும் வேண்டும் என்பது என் அபிப்பிராயம். அது என்ன என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

அச்சுக்கூடத்திலிருந்து வந்த சொல்

ஸ்டீரியோடைப் என்ற சொல் அச்சுக்கூடத்தில் பிறந்தது. ஈய எழுத்துக்களைக் கோத்து, அதன்மேல் அச்சு எடுத்து, உலோகத் தகடாக வார்ப்பார்கள். பிறகு ஆயிரம் பிரதி எடுத்தாலும் ஓர் எழுத்து மாறாது. 1922இல் வால்டர் லிப்மன் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர், நம் மனத்திலும் இப்படி வார்த்து வைத்த தகடுகள் உண்டு என்று எழுதினார். மனிதரைப் பார்த்து விட்டு அபிப்பிராயம் சொல்வதில்லை, அபிப்பிராயத்தை வைத்துக்கொண்டு மனிதரைப் பார்க்கிறோம் என்பது அவர் கருத்தின் சாரம். நம் தமிழில் இதற்கு முத்திரை குத்துவது என்ற அழகான வழக்கு இருக்கிறது. அதையே உபயோகிக்கிறேன்.

இதில் மூன்று படிகள் உண்டு. "இன்னார் இப்படித்தான்" என்று மனத்தில் இருப்பது முத்திரை. அதனோடு வெறுப்போ இளக்காரமோ சேர்ந்தால் துவேஷம். அதன்படி வீடு கொடுக்க மறுப்பது, வேலை கொடுக்க மறுப்பது, பந்தியில் தள்ளி உட்கார வைப்பது எல்லாம் பாரபட்சம். முதல் படியில் நிற்கிறவர்கள் தாங்கள் ஒரு தவறும் செய்யவில்லை என்று நினைப்பார்கள். மற்ற இரண்டுக்கும் ஏணி அதுதான்.

ஒரே ஆள், பல முத்திரை

பாலக்காட்டுக்காரர்களுக்கு இது தினசரி அனுபவம். கேரளத்தில் நாம் பட்டர்கள். "பட்டரில் பொட்டன் இல்லை" என்று மலையாளத்தில் ஒரு பழமொழியே உண்டு. நம்மில் முட்டாளே கிடையாதாம்! கேட்கச் சந்தோஷமாக இருக்கும். ஆனால் கணக்கு வராத பையன் ஒருவன் நம் அகத்தில் பிறந்தால் அவன் பாடு என்ன ஆகும் என்று யோசியுங்கள். புகழ்ச்சியான முத்திரையும் முத்திரைதான். அதுவுமன்றி, "கெட்டிக்காரன்" என்ற பட்டத்துக்குப் பின்னாலேயே "காரியக்காரன், ஜாக்கிரதையாக இரு" என்ற எச்சரிக்கையும் வருகிறது.

வாளையாற்றைத் தாண்டிக் கோயம்புத்தூருக்கோ சென்னைக்கோ போனால் நாம் பட்டர் இல்லை, மலையாளத்து ஆசாமி. நம் பேச்சைக் கேட்டதும் சிரிப்பு. 1990இல் வந்த மைக்கேல் மதன காமராஜன் படத்தில் பாலக்காட்டுத் தமிழ் பேசும் சமையல்காரர் வந்தாரே, அதற்குப் பிறகு பாலக்காடு என்று சொன்னாலே "சாம்பார் நன்றாக வைப்பீர்களா?" என்று கேட்காதவர் இல்லை. நாமும் ரசித்துத்தான் பார்த்தோம்.

இன்னும் வடக்கே போங்கள். 1966இல் மும்பையில் சிவசேனை ஆரம்பிக்கப்பட்ட பிறகு தென்னிந்தியர்களுக்கு எதிராகக் கிளர்ச்சி நடந்ததை மாதுங்கா, செம்பூர் வாசிகள் பலர் நேரில் பார்த்திருப்பார்கள். அங்கே தமிழர், மலையாளி, உடுப்பிக்காரர், தெலுங்கர் எல்லோரும் "மதராஸி". வேட்டி கட்டியவன் எல்லாம் "லுங்கிவாலா". வாளையாறு எல்லைக்கோடு அங்கே மறைந்துபோய் வேறொரு கோடு வந்துவிட்டது.

ரயிலில் ஒரே ஆள்தான் பிரயாணம் செய்கிறான். ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் அவன் மேல் குத்தும் முத்திரை மாறுகிறது. அப்படியானால் அந்த முத்திரை அவனுடைய குணத்தைப் பற்றி என்ன சொல்ல முடியும்?

கோடு போட்டால் போதும்

ஹென்றி டாஜ்ஃபெல் என்ற அறிஞர் போலந்தில் பிறந்த யூதர். இரண்டாம் உலகப் போரில் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஜெர்மானியரிடம் கைதியானவர். போர் முடிந்து திரும்பியபோது அவர் குடும்பத்தில் அநேகமாக யாரும் உயிரோடு இல்லை. மனிதன் இப்படியும் செய்வானா என்ற கேள்வி அவரை மனோதத்துவத்துக்கு இழுத்து வந்தது.

1970ஐ ஒட்டி அவர் இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்துப் பள்ளிப் பையன்களை வைத்து ஒரு பரிசோதனை செய்தார். பதினான்கு, பதினைந்து வயதுப் பையன்கள். சில ஓவியங்களைக் காட்டி, "உனக்கு இந்த ஓவியர் பிடித்திருக்கிறது, அவனுக்கு மற்றவர்" என்று சொல்லி இரண்டு குழுவாகப் பிரித்தார். உண்மையில் அந்தப் பிரிவு வெறும் குலுக்கல். தன் குழுவில் யார் இருக்கிறார்கள் என்றுகூடப் பையன்களுக்குத் தெரியாது. பழைய பகை கிடையாது, ஆதாயமும் கிடையாது. பிறகு இரு குழுவினருக்கும் கொஞ்சம் பணத்தைப் பங்கிட்டுக் கொடுக்கச் சொன்னார்.

பையன்கள் தன் குழுவுக்குச் சாதகமாகப் பங்கிட்டார்கள். அதைவிட ஆச்சரியம் ஒன்று உண்டு. தன் குழுவுக்கு மொத்தத்தில் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை, மற்றக் குழுவைவிட அதிகம் கிடைத்தால் சரி என்று பலர் பங்கிட்டார்கள். நமக்கு எட்டு ரூபாய், அவனுக்கு எட்டு ரூபாய் என்பதைவிட, நமக்கு ஆறு, அவனுக்கு மூன்று என்பது இனிக்கிறது. பாகப் பிரிவினை பார்த்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது!

இன்னொரு ஆராய்ச்சி நம் தென்னிந்தியாவிலேயே நடந்தது. டெய்லர், ஜக்கி என்ற இருவர் 1974இல் வெளியிட்டது. சிறிய ஆராய்ச்சிதான், ஆனால் ஆபீஸ் குமாஸ்தாக்களை வைத்துச் செய்தது என்பதால் எனக்கு விசேஷ அக்கறை. ஹிந்து குமாஸ்தாக்களிடம் சின்னச் சின்னச் சம்பவங்களைச் சொல்லிக் காரணம் கேட்டார்கள். மழையில் நனைந்து வந்தவனை வீட்டுக்காரர் உள்ளே கூப்பிட்டார் அல்லது கூப்பிடவில்லை, கடைக்காரர் நியாயமாக நடந்தார் அல்லது ஏமாற்றினார், இந்த மாதிரி. அந்த வீட்டுக்காரர் ஹிந்து என்று சொன்னபோது, நல்லது செய்தால் "அவர் சுபாவம் அப்படி" என்றார்கள், கெட்டது செய்தால் "ஏதோ சந்தர்ப்பம்" என்றார்கள். அவர் முஸ்லிம் என்று சொன்னபோது இது தலைகீழாகப் போயிற்று. சம்பவம் ஒன்றுதான். பெயரை மாற்றியதும் காரணமும் மாறிவிட்டது.

உங்கள் அகத்தில் நடக்கும் பேச்சையே கவனியுங்கள். நம் உறவுக்காரப் பையன் கடனைத் திருப்பித் தரவில்லை என்றால், "பாவம், அவனுக்கு என்ன கஷ்டமோ" என்போம். வேறு ஜாதிக்காரர் தரவில்லை என்றால், "அவா எல்லாம் அப்படித்தான்" என்போம்.

2011 டிசம்பர்: பயத்துக்கு முகம் கிடைத்தது

இனி நம் எல்லைக்கு வருவோம். முல்லைப் பெரியாறு அணை 1895இல் கட்டி முடிக்கப்பட்டது. அதற்கு ஆதாரமான 999 வருஷக் குத்தகை ஒப்பந்தம் 1886இல் கையெழுத்தானது. அணை இருப்பது கேரளத்தில், தண்ணீர் போவது தேனி, மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் பக்கத்து வயல்களுக்கு. 1979இல் பாதுகாப்புக் கருதி நீர்மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்டது. 142 அடி வரை உயர்த்தலாம் என்று 2006இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. கேரளச் சட்டசபை அதைத் தடுக்கச் சட்டம் கொண்டு வந்தது.

2011இல் இடுக்கி மாவட்டத்தில் சிறுசிறு நில அதிர்வுகள் ஏற்பட்டன. நவம்பரில் அணை உடைவதைக் கதையாகக் கொண்ட டேம் 999 என்ற படம் வந்தது. தமிழ்நாட்டில் அதற்குத் தடை. கீழே வசிக்கும் மலையாளிக்கு, அணை உடைந்தால் குடும்பத்தோடு போய்விடுவோமே என்று பயம். கம்பம் பள்ளத்தாக்கு விவசாயிக்கு, தண்ணீர் நின்றால் நிலம் தரிசாகுமே என்று பயம். இரண்டுமே உயிரைப் பற்றிய பயம். இரண்டையும் நான் துவேஷம் என்று சொல்லமாட்டேன்.

துவேஷம் அதற்கு அடுத்த படியில் வந்தது. டிசம்பர் முதல் வாரத்தில் குமுளியில் மோதல் ஆரம்பித்தது. கம்பம் - குமுளி ரோடில் போக்குவரத்து நின்றது. சபரிமலை சீசனில் ஐயப்ப பக்தர்கள் வேறு வழியாகச் செல்ல நேர்ந்தது. உடும்பன்சோலைப் பக்கத்து ஏலத்தோட்டங்களிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் மூட்டை முடிச்சுகளோடு தேனி மாவட்டத்துக்கு இறங்கின. தமிழ்நாட்டில் பல ஊர்களில் மலையாளிகளின் நகைக்கடைகளும் பேக்கரிகளும் தாக்கப்பட்டன.

கேட்டுப் பாருங்கள். ஏலக்காய் பறிக்கும் பெண்ணுக்கும் அணையின் நீர்மட்டத்துக்கும் என்ன சம்பந்தம்? பேக்கரியில் பன் விற்கிறவர் குத்தகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவரா? ஆனாலும் பயத்துக்கு ஒரு முகம் தேவைப்பட்டது. அணையின் மேலோ, அரசாங்கத்தின் மேலோ கல்லெறிய முடியாது. பக்கத்தில் இருக்கும் "பாண்டி"யின் மேலும் "மலையாளத்தா"னின் மேலும் எறியலாம். பாண்டி என்றால் பாண்டிய நாட்டுக்காரன் என்று பொருள், கௌரவமான சொல். அது வசைச்சொல்லாக ஆனது முத்திரையின் வேலை.

வதந்தியும் இதில் பங்கு வகித்தது. ஆல்போர்ட், போஸ்ட்மன் என்ற இருவர் 1947இல் ஒரு சூத்திரம் சொன்னார்கள். விஷயம் எவ்வளவு முக்கியம், தகவல் எவ்வளவு தெளிவில்லாமல் இருக்கிறது, இந்த இரண்டையும் பெருக்கினால் வதந்தியின் பலம். இரண்டில் ஒன்று பூஜ்யமானாலும் வதந்தி இல்லை. அவர்களுக்கு முன்பே, 1934 ஜனவரியில் பீகாரைக் குலைத்த பூகம்பத்தை ஒட்டிக் கிளம்பிய வதந்திகளை ஜமுனா பிரசாத் என்ற இந்திய மனோதத்துவ அறிஞர் ஆராய்ந்து 1935இல் எழுதினார். அதிர்வை உணர்ந்தும் வீடு இடியாத ஊர்களில்கூட, "புயல் வரப்போகிறது", "வெள்ளம் வருகிறது" என்று பேச்சுக் கிளம்பியது. பின்னாளில் ஃபெஸ்டிங்கர் என்ற அமெரிக்க அறிஞர் அதற்கு ஒரு விளக்கம் கொடுத்தார். பயம் உள்ளே வந்துவிட்டது, வெளியே அதற்குக் காரணம் தென்படவில்லை, ஆகவே மனம் ஒரு காரணத்தை உண்டாக்கிக்கொள்கிறது. இன்று நம் கைபேசியில் காலையிலிருந்து இரவு வரை வரும் செய்திகளில் எத்தனை இந்த ரகம் என்று எண்ணிப் பாருங்கள்.

அடிபட்டவனும் அடிக்கிறான்

இதுவரை சொன்னதைக் கேட்டு, "ஆமாம், நம்மை எல்லோரும் இப்படித்தான் நடத்துகிறார்கள்" என்று சிலர் தலையசைத்ததைப் பார்த்தேன். நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இனிமேல்தான். முத்திரை குத்தப்பட்டவன், தான் பட்டதை நினைத்து, பிறர் மேல் குத்தாமல் இருப்பான் என்று நாம் எதிர்பார்க்கிறோம். அப்படி நடப்பதில்லை.

மூணாறுக்கு அப்பால் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி வட்டவடை என்ற மலைக் கிராமம் இருக்கிறது. பூண்டும் காய்கறியும் விளையும் செழிப்பான ஊர். பேச்சு தமிழ். கேரளத்தின் மற்ற பாகங்களில் இவர்களைப் பாண்டி என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. அதே வட்டவடையில் சக்கிலியர் சமூகத்தாருக்கு முடிவெட்டக் கடைகளில் மறுத்தார்கள். கடைசியில் எல்லோருக்கும் பொதுவான முடிதிருத்தும் நிலையம் ஒன்றைப் பஞ்சாயத்தே திறக்க வேண்டி வந்தது. இது நடந்தது 2020இல்!

பாலக்காடு மாவட்டத்தில் முதலமடை பஞ்சாயத்தில் கோவிந்தாபுரம் அம்பேத்கர் காலனி, சோதனைச் சாவடிக்குப் பக்கம். அங்கும் சக்கிலியர் சமூகத்தார், தண்ணீர்க் குழாயிலும் டீக்கடையிலும் தங்களைத் தள்ளி வைப்பதாக 2017இல் புகார் செய்தார்கள். மாநிலம் முழுவதும் பேச்சாயிற்று. எதிர்த்தரப்பு மறுத்தது. ஆனால் புகார் சொன்னவர்களும் சொல்லப்பட்டவர்களும் எல்லையோரத்துச் சிறுபான்மையினர்தான். ஒரே எல்லைக்குள் இன்னொரு எல்லை.

அவர்களைச் சொல்லிவிட்டு நம்மைச் சொல்லாவிட்டால் நான் பேசியது பக்ஷபாதமாகிவிடும். 1924இல், வைக்கம் சத்தியாக்கிரகம் நடந்துகொண்டிருந்த அதே வருஷம், பொதுத் தெருக்களில் யாரும் நடக்கலாம் என்று சென்னைச் சட்டசபை தீர்மானம் நிறைவேற்றியது. அன்று பாலக்காடு சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. நவம்பரில் கல்பாத்தித் தேரோட்டத்தின்போது தெருவுக்குள் வந்த ஈழவர்கள் தாக்கி விரட்டப்பட்டார்கள். பிறகு அவர்களில் சிலர் ஆரிய சமாஜத்தில் சேர்ந்து, அந்தப் பெயரில் தெருவில் நடக்க உரிமை கேட்டார்கள். கிறிஸ்துவரோ முஸ்லிமோ நடக்கலாம், நாங்கள் கூடாதா என்பது அவர்கள் கேள்வி. பெயர் மாறினால் தெரு திறக்கிறது என்றால், தெரு மனிதனைப் பார்த்து மூடப்படவில்லை, முத்திரையைப் பார்த்து மூடப்பட்டது என்றுதானே ஆகிறது? இன்று நம்மைப் பட்டர் என்றும் மதராஸி என்றும் சொல்லும்போது நமக்கு எங்கே வலிக்கிறதோ, அன்று அவர்களுக்கும் அங்கேதான் வலித்தது.

பக்கத்தில் இருந்தால் மட்டும் போதுமா?

பழகினால் எல்லாம் சரியாகிவிடும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். பாதி உண்மை. அக்ரஹாரத்துக்கு அயலார் யார்? தேங்காய் போட்டவர், நெல் அளந்த குடியானவர், பால் கொண்டு வந்தவர், எல்லாம் தினம் பார்த்த முகங்கள். தலைமுறை தலைமுறையாகப் பழகினோம். துவேஷம் குறையவில்லையே, ஏன்?

கார்டன் ஆல்போர்ட் 1954இல் எழுதிய நூலில் இதற்குப் பதில் இருக்கிறது. பழக்கம் பலன் தர நான்கு நிபந்தனைகள் வேண்டும். இருவரும் சம அந்தஸ்தில் இருக்க வேண்டும். இருவருக்கும் பொதுவான நோக்கம் வேண்டும். போட்டியில்லாமல் சேர்ந்து வேலை செய்ய வேண்டும். சட்டமும் பெரியவர்களும் அதை ஆதரிக்க வேண்டும். ஒருவர் திண்ணையிலும் மற்றவர் வாசலுக்கு வெளியே தள்ளியும் நின்று நூறு வருஷம் பேசினாலும், முதல் நிபந்தனையே நிறைவேறவில்லை. இதைப் பற்றிச் செய்யப்பட்ட 500க்கும் மேற்பட்ட ஆராய்ச்சிகளை 2006இல் இரு அறிஞர்கள் தொகுத்துப் பார்த்தார்கள். பழக்கம் பொதுவாகத் துவேஷத்தைக் குறைக்கிறது, இந்த நிபந்தனைகள் இருந்தால் இன்னும் நன்றாகக் குறைக்கிறது என்று தெரிந்தது.

அதே 1954இல் அமெரிக்காவில் ஓக்லஹோமா மாநிலத்தில் முஸாஃபர் ஷெரிஃப் என்பவர் 22 பையன்களை முகாமுக்கு அழைத்துப் போய் இரண்டு அணியாகப் பிரித்துப் போட்டி வைத்தார். சில நாட்களில் கொடியை எரிக்கும் அளவுக்குப் பகை வந்துவிட்டது. சமாதானம் செய்ய ஒன்றாகச் சாப்பாடு போட்டார், சினிமா காட்டினார். சாப்பாட்டை ஒருவர் மேல் ஒருவர் எறிந்துகொண்டார்கள்! பிறகு முகாமுக்கு வரும் தண்ணீர் நின்றுபோனது. அவரே செய்த ஏற்பாடுதான். இரண்டு அணியும் சேர்ந்து தேடி, அடைப்பை எடுத்தால்தான் குடிக்கத் தண்ணீர். இப்படி ஒன்றன்பின் ஒன்றாகச் சில வேலைகளைச் சேர்ந்து செய்த பிறகு பகை கரைந்தது.

நம் நாட்டிலும் இதற்கு அத்தாட்சி உண்டு. உத்தரப் பிரதேசத்தில் மாட் லோ என்ற பொருளாதார அறிஞர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இளைஞர்களைச் சேர்த்துக் கிரிக்கெட் பந்தயங்கள் நடத்தி, 2021இல் முடிவை வெளியிட்டார். பல ஜாதிக்காரர்கள் ஒரே அணியில் விளையாடியபோது ஜாதி தாண்டிய சிநேகம் வளர்ந்தது. வேறு ஜாதிக்காரரோடு எதிரணியில் நின்று விளையாடியபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை, சில விஷயங்களில் நேர்மாறாகவே போயிற்று. மைதானம் ஒன்றுதான், பந்தும் ஒன்றுதான். ஒரு பக்கம் நின்று ஆடினோமா, எதிரெதிரே நின்று ஆடினோமா என்பதில் இருக்கிறது வித்தியாசம்.

முல்லைப் பெரியாறிலும் இதன் சாயலைப் பார்க்கலாம். 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் 142 அடியை உறுதி செய்து, கேரளச் சட்டம் செல்லாது என்று தீர்ப்பளித்தபோது, ஒரு கண்காணிப்புக் குழுவையும் அமைத்தது. இரு மாநிலப் பிரதிநிதிகளும் மத்திய நீர் ஆணையப் பிரதிநிதியும் அதில் இருந்தார்கள். குழுவின் அமைப்பு பிறகு மாறியது, வழக்குகள் இன்னும் ஓயவில்லை. ஆனால் தமிழ்நாட்டு இன்ஜினீயரும் கேரள இன்ஜினீயரும் ஒரே அணைக்கட்டில் ஏறி, ஒரே அளவுகோலைப் பார்க்கிறார்கள். தகவல் தெளிவானால் வதந்தியின் சூத்திரத்தில் ஒரு எண் சிறியதாகிறது.

சங்கீதத்தில் நம்மூரிலேயே பெரிய உதாரணம் இருக்கிறது. பாலக்காட்டைச் சேர்ந்த செம்பை வைத்தியநாத பாகவதர், கிறிஸ்துவரான யேசுதாஸைச் சிஷ்யராக ஏற்றுக்கொண்டார். ஸ்ருதியும் ஸ்வரமும் பொதுவான நோக்கமாக நின்றன. அங்கே முத்திரைக்கு இடம் கிடைக்கவில்லை.

"அனுபவம்தானே பேசுகிறது?"

ஒரு ஆட்சேபம் வரும். "ஸார், நாங்கள் அனுபவத்தில் கண்டதைச் சொல்கிறோம். எல்லா முத்திரையும் பொய்யா?" நியாயமான கேள்வி. பௌதிகம் படித்தவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். இந்த ஹாலின் உஷ்ணநிலை 30 டிகிரி என்றால், காற்று மூலக்கூறுகளின் சராசரிச் சக்தி எனக்குத் தெரியும். ஆனால் என் மூக்குக்கு எதிரே இருக்கும் ஒரு மூலக்கூறு எந்த வேகத்தில் போகிறது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. குழுவின் சராசரி சரியாகவே இருந்தாலும், எதிரே நிற்கும் ஆசாமியைப் பற்றி அது தீர்ப்பு ஆகாது.

இரண்டாவது, நம் சராசரியே பெரும்பாலும் சரியானதில்லை. அபூர்வமாகப் பார்க்கும் ஆட்கள், அபூர்வமாக நடக்கும் கெட்ட சம்பவம், இரண்டும் சேர்ந்தால் மனத்தில் ஆழமாகப் பதிகிறது என்று ஹாமில்டன், கிஃபோர்ட் என்ற இருவர் 1976இல் காட்டினார்கள். வேற்று மாநில லாரி ஒன்று தாறுமாறாகப் போனால் வருஷக்கணக்கில் நினைவிருக்கும். உள்ளூர் லாரிகள் தினம் போவது நினைவில் நிற்காது.

1970 ஜனவரி 1ஆம் தேதி கேரளத்தில் நிலச் சீர்திருத்தச் சட்டத் திருத்தம் அமலுக்கு வந்தது. நம் குடும்பங்கள் பல நிலத்தை இழந்தன. இங்கிருக்கும் பலர் மும்பைக்கும் தில்லிக்கும் சென்னைக்கும் போனதற்கு அதுவும் ஒரு காரணம். நஷ்டம் உண்மை, அதன் வலியும் உண்மை. ஆனால் சட்டம் செய்தது சட்டசபை. அதன் பேரில், "குடியானவ ஜாதியே நன்றி கெட்டது" என்று பேரக் குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது எந்த அனுபவம்? அந்தக் குழந்தைகள் நெல் வயலையே பார்த்ததில்லை.

நாம் செய்யக்கூடியது

காரியத்துக்கு வருகிறேன். முதலாவது, பேச்சில் ஒரு சின்னத் திருத்தம். "அவா எல்லாரும்" என்று வாய் ஆரம்பிக்கும்போது நிறுத்தி, "அன்றைக்கு அந்த மனுஷர்" என்று மாற்றிச் சொல்லிப் பாருங்கள். வாக்கியம் நியாயமாகிவிடும். பல சமயம் சொல்ல வேண்டிய அவசியமே இருக்காது.

இரண்டாவது, வாடகை வீடு. 1930களின் ஆரம்பத்தில் லாபியர் என்ற அமெரிக்கப் பேராசிரியர் ஒரு சீனத் தம்பதியோடு காரில் நாடு முழுவதும் சுற்றினார். சீனர்கள் மேல் அங்கே கடும் துவேஷம் இருந்த காலம். 251 ஹோட்டல், விடுதிகளில் ஒரே ஒரு இடத்தில்தான் இடமில்லை என்றார்கள். பிறகு அதே இடங்களுக்கு, "சீனரை ஏற்பீர்களா?" என்று கடிதம் எழுதிக் கேட்டார். பதில் எழுதியவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் மாட்டோம் என்றார்கள்! நேரில் வந்தவர் மனிதர், கடிதத்தில் வந்தது முத்திரை. வீடு கேட்டு ஒருவர் போன் செய்தால், பெயரைக் கேட்டதும் வைத்துவிடாமல், நேரில் வரச் சொல்லிப் பேசுங்கள். ஆசாரத்துக்கு வேண்டிய நிபந்தனை இருந்தால் அதை எல்லோருக்கும் ஒரே மாதிரி சொல்லுங்கள். சென்னையிலும் பெங்களூரிலும் நம் குழந்தைகள் வீடு தேடி அலையும்போதும் இதே மரியாதையைத்தானே எதிர்பார்க்கிறோம்?

மூன்றாவது, ஒவ்வொரு கிளையும் வருஷத்தில் ஒரு பொதுக் காரியத்தை மற்றச் சமூகங்களின் சங்கங்களோடு சேர்ந்து செய்யட்டும். குளம் தூர் வாருவது, ரத்த தானம், மாணவர்களுக்கு இலவச டியூஷன், எதுவானாலும் சரி. "நாம் கொடுக்கிறோம், அவர்கள் வாங்கிக்கொள்கிறார்கள்" என்று இருந்தால் அது தர்மம், நல்லதுதான். ஆனால் ஆல்போர்ட்டின் முதல் நிபந்தனைக்கு அது போதாது. ஒரு வருஷம் நாம் தலைமை தாங்கினால் மறுவருஷம் அவர்கள் தாங்கட்டும். கணக்கு வழக்கை இருவரும் சேர்ந்து பார்க்கட்டும்.

நான்காவது, ஒரு கூட்டத்தைப் பற்றிக் கைபேசியில் வரும் எந்தச் செய்தியையும் விசாரிக்காமல் பிறருக்கு அனுப்பாதீர்கள். ஓய்வு பெற்றவர்களான நமக்கு நேரம் நிறைய இருக்கிறது. விசாரிக்கவும் அந்த நேரத்தை உபயோகிக்கலாம்.

இனி அந்தத் தீர்மானம். முதல் பத்தி, நம் சமூகத்தைக் கேலிப்பொருளாக்குவதைக் கண்டிப்பது. இரண்டாவது பத்தி இப்படி இருக்கட்டும்: "எந்த ஜாதியையும், மதத்தையும், மொழிக்காரரையும் இழிவுபடுத்தும் கேலியும் பேச்சும் நமது சங்கத்தின் மேடையிலும் இதழிலும் இடம்பெறாது என்று உறுதி கூறுகிறோம்." இரண்டு பத்தியும் சேர்ந்து வந்தால், வெளியில் உள்ளவர்கள் முதல் பத்தியைக் காது கொடுத்துக் கேட்பார்கள். முதல் பத்தி மட்டும் போனால், "இவர்கள் தங்களுக்கு மட்டும் நியாயம் கேட்கிறார்கள்" என்று சொல்வார்கள். அப்படிச் சொல்ல நாம் இடம் கொடுக்கக் கூடாது.

இந்தத் திருத்தத்தைப் பொதுக்குழுவின் பரிசீலனைக்கு எழுத்து மூலமாகக் கொடுத்திருக்கிறேன். மாற்றுக் கருத்துள்ளவர்கள் தாராளமாக எழுதலாம்.